இல்லாத காளையின் மேல் ஒரு கை

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகள் இருக்கும் மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டால் என் கால்கள் நேராகப் போய் நிற்பது ஒரே இடத்தில்தான்: திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால். உயரம் ஏறக்குறைய மூன்றரை அடி. கையில் மழு இல்லை, மான் இல்லை, நெருப்பு இல்லை. சிவனுக்கு வழக்கமாகச் செய்யும் நான்கு கைகளும் இல்லை. மனிதனுக்கு உள்ளதுபோல் இரண்டே கைகள். ஒரு காலை ஊன்றி, மற்றொன்றை அதற்குக் குறுக்கே லேசாக வைத்து, உடம்பின் பாரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்கிறார். ஒரு கை உடம்போடு ஒட்டித் தளர்ந்திருக்கிறது. இன்னொரு கை முழங்கையில் மடங்கி, பக்கத்தில் எதன்மீதோ படிந்திருக்கிறது.

அந்த ‘எது’ அங்கே இல்லை. அங்கே ஒரு காளை இருந்தது. இப்போது கிடைக்கவில்லை.

இத்தனை ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் கையைத்தான். மணிக்கட்டு மெல்ல வளைந்து இறங்குகிறது. விரல்கள் எதையும் பிடிக்கவில்லை, எதையும் சுட்டவில்லை, எந்த முத்திரையும் காட்டவில்லை. பழகிய ஒன்றின் மேல் கையைப் போட்டுவிட்டு மறந்துபோனவனின் விரல்கள் அவை. வெயில் தாழ்ந்த நேரத்தில் வரப்போரம் நிற்கிற மாட்டின் முதுகில் கையைப் போட்டுக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும் ஆளைக் காவிரிப் பாசனத்து ஊர்களில் பார்த்திருப்போம். மாடு அசைந்தால் கையும் அசையும். மாடு மூச்சு விட்டால் அது உள்ளங்கையில் தெரியும். வெண்கலத்தில் அந்த மூச்சு தெரிகிறது. காளை இருந்திருந்தால் நம் கண் காளைக்குப் போயிருக்கும். இல்லாததால், அதன் முதுகின் வளைவும் வெதுவெதுப்பும் முழுக்க அந்தக் கைக்குள்ளே வந்து தங்கிவிட்டன.

பிறகு தலையைப் பார்க்க வேண்டும். மகுடம் கிடையாது. சடையையே தலைப்பாகைபோல் சுற்றிச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சுற்றுகளுக்குள் பாம்புகள் நுழைந்து நெளிகின்றன. எது சடை, எது பாம்பு என்று பிரித்தறியச் சற்று நேரம் ஆகும். நாட்டுப்புறத்து முண்டாசின் சாயல் அதில் இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும். முண்டாசும் மாடுமாக நிற்கும் சிவன். ஆனால் அந்த முகத்துக்கு வந்தால் உழவனும் தெரியவில்லை, அரசனும் தெரியவில்லை. இதழோரத்தில் ஒரு சிரிப்பு தொடங்கப் போகிறது, தொடங்கவில்லை. இடுப்பில் சின்ன ஆடை. அதற்குக் கீழே தொடையும் முழங்காலும் கொஞ்சமும் இறுக்கமில்லாமல் வழிந்து இறங்குகின்றன. தசையை முறுக்கிக் காட்டி வலிமை சொல்லும் வேலையே இல்லை.

இந்தத் திருமேனிக்கு இன்னொரு பெருமை, இதற்குத் தேதி உண்டு. சோழர் செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவற்றுக்கு நாம் காலம் சொல்வது நகையையும் முகவாயையும் பீடத்தின் இதழ்களையும் வைத்துத்தான். இதற்கோ திருவெண்காட்டுக் கோயிலில் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1011. கோலக்கவன் என்பவர் எழுந்தருளச் செய்தார் என்று தெரிகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு இராசராசன் செப்புக் கலசம் கொடுத்தது 25ஆம் ஆண்டில். ஏறக்குறைய 200 அடி உயர விமானத்தை ஒருபுறம் கட்டி முடித்த அதே காலத்தின் கைகள்தான், கடலோரத்து ஊர் ஒன்றுக்கு, மூன்றரை அடியில் இந்தத் தளர்வைச் செய்து கொடுத்திருக்கின்றன. பெரியதைச் செய்யும் துணிவும் சிறியதைச் செய்யும் பொறுமையும் ஒரே தலைமுறைக்கு வாய்த்திருக்கின்றன.

தேவி வந்தது மறு ஆண்டில். ஓர் ஆண்டு அவர் காளையோடு மட்டும் நின்றிருக்கிறார்! அருகில் நிற்கும் உமையைப் பார்க்கும்போது இந்த ஓராண்டு இடைவெளி எனக்கு நினைவு வரும். முன்பே நின்றுகொண்டிருப்பவரின் வளைவைப் பார்த்து, அதற்கு இசைவாக இன்னொரு வளைவை, தேவியைச் செய்த ஸ்தபதி யோசித்திருக்க வேண்டும். அவர் நிற்கிற நிலையில் சாய்மானம். அவள் நிற்கிற நிலையில் தன் காலிலேயே நிற்கும் நிமிர்வு. சாய்வதற்கு அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

சீர்காழிக்கு அருகில் உள்ள திருவெண்காட்டில், சுவேதாரண்யேசுவரர் கோயிலைச் சார்ந்த மண்ணுக்குள்ளிருந்து 1950களின் தொடக்கத்தில் இவர்கள் வெளியே வந்தார்கள். பிறகும் அந்த ஊர் மண் கொடுத்துக்கொண்டே இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலிக் காபூரின் படை தெற்கே வந்த காலத்தில், அல்லது அதையொட்டிய கலக்கத்தில், கோயில்காரர்கள் திருமேனிகளைக் குழி தோண்டிப் புதைத்துக் காத்தார்கள் என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். புதைத்தவர்கள் திரும்ப எடுக்க வரவில்லை. எங்கே புதைத்தோம் என்பதை யாரிடமும் சொல்லாமலே அவர்கள் போயிருக்கலாம். காளையும் எங்கேனும் தனியாகக் கிடக்கிறதோ, அல்லது என்றோ உருக்கப்பட்டுவிட்டதோ.

மண்ணுக்குள் இருந்ததில் ஒரு நன்மை நடந்தது. பூசையில் இருக்கும் உற்சவத் திருமேனிகளை நூற்றாண்டுக் கணக்கில் அபிடேகம் செய்து, துலக்கி, துடைத்து வருவதால் மூக்கும் கண்ணும் உதடும் தேய்ந்து மழுங்கிவிடும். அந்தத் தேய்மானத்துக்கும் ஓர் அழகு உண்டு; எத்தனை கைகளின் அன்பு அது! ஆனால் ஸ்தபதியின் உளி கடைசியாக விட்டுப்போன கோட்டைப் பார்க்க வேண்டுமானால் புதைந்து கிடந்தவற்றிடம்தான் வரவேண்டும். சடையில் ஓடும் பாம்பின் நெளிவு இவ்வளவு கூர்மையாக நமக்குக் கிடைத்ததற்கு மண்ணுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

உளி என்று சொன்னேன். உண்மையில் இந்தக் கை முதலில் மெழுகில் பிறந்தது. சுவாமிமலையில் இன்றும் நடப்பது அதே வழிதான். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிப் பதம் செய்கிறார்கள். சிலையின் உயரத்துக்குத் தென்னங்கீற்று ஒன்றை நறுக்கி, அதை மடித்து மடித்து அளவு பிரிக்கிறார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, தொடை இவ்வளவு என்று அந்த ஓலை மடிப்பே சொல்லிவிடும். தலை, உடல், கை, கால் எல்லாம் மெழுகில் தனித்தனியே உருவாகி, பிறகு ஒன்றாகச் சேரும். அதன் மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, மறுபடி பூசி, கம்பி கட்டிச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் இறங்கும். மண்ணை உடைத்தால்தான் சாமி. ஒரு கருவுக்கு ஒரு திருமேனிதான்; இரண்டாவது கிடையாது.

இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் திருமேனிகளைப் பற்றிப் பேசும்போது ‘கனமாக’ச் செய்தது, ‘பொள்ளலாக’ச் செய்தது என்று பிரித்துச் சொல்லும். பெரிய கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட 66 செப்புத் திருமேனிகளை முழமும் விரலுமாக அளந்து, நகைகளை எண்ணி, கல்லில் வெட்டி வைத்தார்கள். கணக்கில் அவ்வளவு கறார். ஆனால் எந்த முழக்கோலும் ஒடியோலையும் அந்த மணிக்கட்டின் தளர்வைச் சொல்லாது. அது மெழுகு இன்னும் இளஞ்சூட்டில் இருக்கும்போது, செய்தவரின் கட்டைவிரல் கொடுத்த ஓர் அழுத்தம். மெழுகு போய்விட்டது, மண் உடைந்துவிட்டது, ஆளும் போய்விட்டார். அழுத்தம் மட்டும் வெண்கலத்தில் நிற்கிறது.

இவர்கள் இன்று நிற்கும் கலைக்கூடம் பிறந்ததற்கும் ஒரு சிலைதான் காரணம். தஞ்சைக்குப் பக்கத்திலுள்ள கரந்தையில் ஒரு பிரம்மன் சிலை. கல்கத்தாவிலிருந்து வந்த ஆர்வலர் ஒருவர் அதன் அழகில் மயங்கி, அதை எடுத்துப் போக விரும்பினார் என்றும், ஊர்க்காரர்கள் விட மறுத்தார்கள் என்றும், அதைத் தொடர்ந்தே அன்றைய மாவட்ட ஆட்சியர் இப்படிச் சிதறிக் கிடப்பவற்றுக்கெல்லாம் தஞ்சையிலேயே ஓர் இடம் வேண்டும் என்று முயன்றார் என்றும் சொல்கிறார்கள். 1951இல் அரண்மனைக்குள் கலைக்கூடம் வந்தது. ஒரு கலைக்கூடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா? ஊரார் ஒரு சிலையைத் தங்களுடையது என்று சொல்லித் தடுத்து நின்றிருக்கிறார்கள்.

அரண்மனை நாயக்கர் எழுப்பி, மராட்டியர் பெருக்கியது. உயர்ந்த தூண்கள், சுதை வேலைப்பாடு, அண்ணாந்து பார்க்க வைக்கும் வளைவுகள். தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடும் இங்கே உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் அதுதான் வேண்டும். நாயக்கர் தர்பார் மண்டபத்தில் இரண்டாம் சரபோசியின் வெண்பளிங்குச் சிலை நிற்கிறது. இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செய்தது. அரசர் இரு கைகளையும் கூப்பி நிற்கிறார். நூல்களுக்காக ஒரு வாழ்நாளைச் செலவிட்ட அரசர் அவர். பக்கத்திலேயே சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. பளிங்கின் மென்மையை அந்தச் சிற்பி நன்றாகவே அறிந்திருக்கிறார், துணி மடிப்புகள் அவ்வளவு நேர்த்தி. இருந்தும், அந்தச் சிலையைச் சுற்றி நிற்கும் சோழர் திருமேனிகளைப் பார்த்துவிட்டு மறுபடி அதைப் பார்த்தால், பளிங்கு ஓர் ஆளின் சாயலைத் தேடுகிறது, செம்பு ஒரு நிலையின் உயிரைத் தேடுகிறது என்று படுகிறது.

கல்யாணசுந்தரர் தொகுதிக்கு வருவோம். இதுவும் திருவெண்காட்டு மண் கொடுத்ததே. சிவன், பார்வதி, திருமால், இலக்குமி என நான்கு பேர். ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிடும். பாணிக்கிரகணம் நடக்கிறது. சிவனின் வலக்கையில் பார்வதியின் வலக்கை. அவர் பிடித்திருக்கிறார் என்றும் சொல்ல முடியவில்லை, அவள் கொடுத்திருக்கிறாள் என்றும் சொல்ல முடியவில்லை. கொடுப்பதற்கும் பிடிப்பதற்கும் நடுவில் ஒரு கணம் இருக்குமே, அதில் இரண்டு கைகளும் நிற்கின்றன.

அவள் உயரம் அவருடைய தோள் அளவு. தலை சற்றே குனிந்திருக்கிறது. நாணத்தைச் சொல்ல முகத்தை முழுக்கக் கவிழ்த்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் முகம் நமக்குத் தெரியாமல் போயிருக்கும். இங்கே குனிவு மிகக் கொஞ்சம். கண் தாழ்ந்திருக்கிறது, உதட்டில் மகிழ்ச்சி ஒளிந்திருக்கிறது, தோள் லேசாக ஒதுங்க நினைக்கிறது, ஆனால் கை போய்ச் சேர்ந்துவிட்டது. மனம் ஒன்று சொல்ல உடம்பு இன்னொன்று செய்யும் அந்த நேரத்தை, நம் வீட்டுக் கல்யாணங்களில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

திருமால் அண்ணன் முறைக்குத் தாரை வார்க்க நிற்கிறார். பெண்ணைக் கொடுக்கிறவர் முகத்தில் இருக்கவேண்டிய பொறுப்பு அவரிடம் இருக்கிறது. இலக்குமியோ பெண்ணுக்குப் பின்னால் நின்று மெல்ல முன்னே செலுத்துகிறாள். “போடி, போ” என்று காதோடு சொல்லும் அண்ணி. நாத்தனாரை மணையில் உட்காரவைக்கும் எந்த அண்ணியும் செய்வது அது. கயிலையில் நடந்த கல்யாணத்தைச் செய்யச் சொன்னால், அந்த ஸ்தபதி தன் தெருவில் நடந்த கல்யாணத்தை நினைத்துக்கொண்டு செய்திருக்கிறார். அதனால்தான் அது கயிலைக்கும் பொருந்துகிறது.

இந்த அமைதியில் இருந்துவிட்டுத் தாராசுரத்து யானையுரித்தவர் முன்னால் போனால் மனம் ஒரு கணம் தடுமாறும். இரண்டாம் இராசராசன் காலத்து ஐராவதேசுவரர் கோயிலிலிருந்து வந்த கரிய கல். யானையின் தலைமேல் ஒரு கால். உரித்த தோல் திருவாசிபோல் உடலைச் சுற்றி விரிந்து எழுகிறது. அந்த வட்டத்துக்குள் சிவன் திருகிச் சுழல்கிறார். மடங்கி எழுந்த மற்றொரு காலின் உள்ளங்கால் நம் பக்கம் தெரிகிறது. முறுக்கிப் பிழிந்த ஈரத்துணிபோல் உடம்பு இடுப்பில் திரும்பியிருக்கிறது. கல்லில் இப்படித் திருப்ப முடியும் என்று யார் துணிந்தார்? செம்பில் மெழுகு விட்டுக்கொடுக்கும். கல் ஒருமுறை பெயர்ந்தால் பெயர்ந்ததுதான்.

ஆனால் என் கண் கடைசியில் போய் நிற்பது ஓரத்தில். உமை, குழந்தை முருகனை இடுப்பில் வைத்துக்கொண்டு விலகுகிறாள். பயந்து ஒதுங்கும் தாய். உலகமே நடுங்கும் நிகழ்ச்சியின் பக்கத்தில், பிள்ளையை மறைத்துக்கொண்டு நகரும் ஒரு பெண்ணை வைக்க வேண்டும் என்று தோன்றியதே, அங்கேதான் அந்தச் சிற்பி எனக்குப் பெரியவராகிறார். அவள் இல்லாவிட்டால் அது வீரம் மட்டும். அவள் இருப்பதால் பார்க்கிற நமக்கும் வயிற்றில் ஒரு திடுக்கிடல்.

தாராசுரத்திலிருந்து வந்த இன்னொரு தொகுதி, பிச்சைக்கு வந்தவரைக் கண்டு ஆடை நெகிழ நிற்கும் முனிபத்தினிகள். ஒவ்வொருத்தியின் மயக்கமும் ஒவ்வொரு விதம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஓடிக்கொண்டே பார்த்தால் அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி.

கண்ணப்பரை விட்டுவிட முடியாது. அவரும் திருவெண்காட்டுக்காரர். கைகூப்பி நிற்கிறார். காலைப் பாருங்கள்: செருப்பு! வேடன் காட்டிலிருந்து அப்படியே வந்திருக்கிறான். அதைக் கழற்றிவிட்டுச் சாமி முன் நிற்கவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரும் தேவையும் இறைவனுக்கு இல்லை. திருமேனி செய்தவர் நினைத்திருந்தால் வெறுங்காலாகச் செய்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். செருப்பைச் செய்தார். வாரையும் சேர்த்து வார்த்தார். கண்ணப்பரின் கதையை முழுதாக உணர்ந்தவரின் வேலை அது.

இவர்களெல்லாம் வீதிக்கு வருவதற்காகச் செய்யப்பட்டவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. உற்சவம் வந்தால் பட்டு சுற்றி, மாலை போட்டு, நகை பூட்டித்தான் எழுந்தருளச் செய்வார்கள். கூட்டத்துக்குத் தெரிவது முகமும், கொஞ்சம் கையும். முதுகின் பள்ளம், இடுப்பின் வளைவு, முழங்காலின் தளர்வு, பிடரிச் சுருள் எல்லாம் அபிடேக நேரத்தில் அருகில் நிற்பவர்களுக்கு மட்டுமே தெரிந்தவை. பட்டு மூடிவிடும் என்று தெரிந்தும் அந்த முதுகை இவ்வளவு அன்போடு செய்தார்கள். இன்று பூசை இல்லை, தீபம் இல்லை, மாலை இல்லை. அந்த இழப்பு எனக்கும் உறுத்தும். ஆனால் யாருக்கும் தெரியாது என்று அவர்கள் செய்துவைத்த உடம்பை, எந்த ஊர்க்காரரும் வந்து நின்று பார்க்க முடிகிறது.

ஒருமுறை நான் ரிஷபவாகனர் முன்னால் நின்றிருந்தபோது, பெரியவர் ஒருவர் பேரனோடு வந்தார். வேட்டியும் தோளில் துண்டுமாக, பார்த்தாலே பாசன ஊர்க்காரர் என்று தெரிந்தது. பையன் கேட்டான்: “ஏந் தாத்தா இவரு கைய இப்படி வெச்சிருக்காரு?”

“பக்கத்துல மாடு நின்னிருக்குடா. மாட்டு மேல கையப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு.”

“மாட்டக் காணுமே?”

பெரியவர் பதில் சொல்லவில்லை. சிலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தன் கையை முழங்கையில் மடக்கி, அதே சாய்வுக்குக் கொண்டுவந்தார். ஒரு காலையும் லேசாகக் குறுக்கே வைத்துக்கொண்டார். தன் உடம்போடு ஒப்பிட்டு உயரம் பார்க்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

“ரொம்ப ஒசந்த மாடு இல்ல. நம்ம உம்பளச்சேரி உசரந்தான்,” என்றார்.

பையன் திமிங்கலத்தைப் பார்க்க இழுத்தான். அவர் கை அந்த உயரத்திலேயே சற்று நேரம் நின்றது. விரல்கள் மட்டும், திமிலைச் சொறிந்து கொடுப்பதுபோல், மெல்ல அசைந்தன.